விகிதம் நிரம்பிவிட்டது

எங்கள் மகளுக்குப் படிப்பு மெதுவாகத்தான் ஏறும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே தெரியும். அதை நாங்கள் மறைக்கவும் இல்லை, ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கவும் இல்லை. எங்களுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அப்படி மெதுவாக இருப்பதற்கும் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். இடம் காலி இல்லையென்றால் பிள்ளை மெதுவாக இருக்க முடியாது. இது விதி. நான் பஸ் ஓட்டுகிறவன், விதியை மதிக்கிறவன். சிவப்பு விளக்கு எரியும்போது பின்னால் நிற்கிறவன் தொண்டை கிழிய ஹாரன் அடித்தாலும் நகர மாட்டேன். ஆனாலும் இந்த விதி என் மண்டையில் ஏறக் கொஞ்ச காலம் ஆனது. அதற்குள் எல்லாம் கைமீறிப் போய்விட்டது.

மகளைத் தும்பி என்று கூப்பிடுவோம். ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பாள், திடீரென்று விருட்டென்று ஓடுவாள். அதனால் அந்தப் பெயர். நாலாம் வகுப்பு. துணி மடிப்பாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், தெருமுனையில் திரும்புவது என் பஸ்ஸா வேறு பஸ்ஸா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். எழுத்து மட்டும் நிற்காது. காலையில் சொல்லிக் கொடுத்தது மத்தியானம் இருக்காது. பத்து தடவை பொறுமையாகச் சொன்னால் இருக்கும். பத்து தடவை சொல்ல வகுப்பு டீச்சருக்கு நேரம் இல்லை, அவருக்கு வகுப்பு கொள்ளாத பிள்ளைகள். எங்களுக்கு நேரம் இருந்தது, பொறுமை இல்லை. ஐந்தாவது தடவையே எங்கள் குரல் உயர்ந்துவிடும். குரல் உயர்ந்ததும் தும்பி தன் தலையில் தானே குட்டிக்கொள்வாள். "ஏறு, ஏறு" என்று சொல்லிச் சொல்லிக் குட்டிக்கொள்வாள். அதைப் பார்க்கிற தெம்பு எனக்குக் கிடையாது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அழைத்துவரப் போனேன். வகுப்பில் அவள் இல்லை. தேடிப் பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 'மெல்லக் கற்போர் அறை' என்று போர்டு. உள்ளே ஓர் அம்மா எழுத்து அட்டையைக் காட்டி, "இது என்ன? தெரியலையா? பரவாயில்ல, இன்னொரு தடவ பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரல் ஏறவே இல்லை. முதல் தடவை சொன்ன மாதிரியேதான் ஏழாவது தடவையும் சொன்னார். பிள்ளைகள் அவரை மெல்ல டீச்சர் என்று கூப்பிடுவார்களாம். உள்ளே இருந்த பிள்ளைகளோ அந்த அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவன் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தி டீச்சரின் வருகைப் பதிவேட்டில் கூட்டல் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். வெளியே நின்ற என் மகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் வாயசைத்து, கடைசியில் சரியாகச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

நேராகத் தலைமை ஆசிரியரிடம் போனேன்.

"சார், எம் பொண்ண அந்த ரூம்ல உக்கார வெச்சுடுங்க. அவ கத்துப்பா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்த ரூமுக்கு எவ்வளவு டிமாண்ட்னு தெரியுமா, டிரைவர்? விகிதம் நிரம்பிடுச்சு."

விகிதம் என்றால் என்ன என்று கேட்டேன். விளக்கினார். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு இலேசான அறிவுத்திறன் குறைபாடு இருக்கும் என்று பெரிய புத்தகம் ஒன்று சொல்கிறதாம். நாடு முழுவதையும் சேர்த்துத் தோராயமாக எழுதியதை விகித அலுவலகம் ஒவ்வொரு பள்ளிக்கும் உத்தரவாகப் போட்டுவிட்டது. இந்தப் பள்ளியில் அறுநூறு பிள்ளைகள். ஆக, பன்னிரண்டு பேர்.

"நான் முதல்ல 'யாரும் இல்ல'ன்னுதான் எழுதி அனுப்பினேன். பன்னெண்டு பேரையும் எங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நோட்டீஸ் வந்துது. அப்புறம் ஒரு ஆபீசர் நேர்ல வந்தார். பாவம், அவருக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சு. கதவுப் பக்கத்து பெஞ்சுங்கள்ல இருந்து பன்னெண்டு பேர எண்ணி எடுத்துக்கிட்டுப் போயிட்டார்."

"எண்ணியா?"

"ஆமா. கதவுப் பக்கம் நல்லா காத்து வரும். அதனால மார்க் வாங்குற பசங்கதான் அங்க உக்காருவாங்க. என்ன பண்றது, அதுங்க தலையெழுத்து."

"பெத்தவங்க சும்மாவா விட்டாங்க?"

"வந்து கத்தினாங்க. பெத்தவங்க ஒத்துக்காம கத்துறதுதான் முக்கியமான அறிகுறின்னு ஆபீஸ்ல எழுதிக்கிட்டாங்க."

"அவங்கள்ல ஒருத்தர வெளிய விட்டுட்டு..."

"அய்யய்யோ! குழந்தைங்க பிரிவுல இது வாழ்நாள் முழுக்க இருக்கும்னு விதி. தேறி வர அனுமதி கிடையாது. போன மாசம் அந்த ரூம் பையன் ஒருத்தன் கணக்குப் போட்டியில முதல் பரிசு வாங்கிட்டான். எவ்வளவு பெரிய தலைவலி! வாங்கினதத் திருப்பிக் கொடுக்க வெச்சோம்."

என் மனைவி சட்டைக் காலர் தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாயிலே நூலை வைத்துக் கடித்துக்கொண்டே எதையும் யோசிக்கிறவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஆபீஸுக்கே போய் நேரா கேளுங்க. உள்ளத உள்ளபடி சொன்னா யாரு இல்லன்னு சொல்லப் போறா?" என்றாள். அவள் அதுவரை விகித அலுவலகத்தைப் பார்த்ததில்லை.

அலுவலகம் நன்றாகத்தான் இருந்தது. வரிசையாக நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி, சுவரில் மனித உருவங்களாக ஒரு படம். நூறு உருவங்களில் தொண்ணூற்றெட்டுக்கு நீலம், இரண்டுக்கு மஞ்சள். அடியில், 'நமது விகிதாசாரம் நாட்டுக்கு நல்லது' என்று எழுதியிருந்தது. கவுன்டருக்குப் பின்னால் இருந்த விகித அலுவலர் தேன் ஒழுகப் பேசும் மனிதர். தும்பிக்கு மிட்டாய் கொடுத்தார். மரக்கட்டைகள், படங்கள், கயிறு எல்லாம் வைத்து ரொம்ப நேரம் அவரே சோதித்தார். கோபித்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சந்தேகமே இல்ல. இலேசான குறைபாடுதான். நிதானமாச் சொல்லிக் கொடுத்தா படிப்பா, வேலை செய்வா, தன் கால்ல நிப்பா. இவளுக்குன்னே செஞ்ச மாதிரிதான் அந்த ரூம்."

எனக்கு உயிர் வந்தது. என் மகளைப் பற்றி ஓர் அதிகாரி உண்மை பேசியது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

"ஆனா பாருங்க, உங்க ஸ்கூல்ல ஏற்கனவே பன்னெண்டு பேர் இருக்காங்க. பதிமூணாவதா ஒருத்தர் இருக்க வழியே இல்ல. இருந்தா புத்தகம் தப்புன்னு ஆயிடும்."

"புத்தகம் தப்பா இருக்கக் கூடாதா, சார்?"

"ஒரு பாப்பாவுக்காக உலக ஆராய்ச்சியையே திருத்தச் சொல்றீங்களா?" என்று சிரித்தார். "கவலைப்படாதீங்க. உங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். பாப்பாவ சராசரின்னு அறிவிச்சுடறேன். வாழ்த்துகள்!"

கையைக் குலுக்கினார். தும்பியின் கையையும் குலுக்கினார். முத்திரை குத்தி, சராசரி என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்.

அந்தச் சான்றிதழ் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பிடித்தது சனியன். அதுவரை வகுப்பு டீச்சருக்குத் தும்பிமேல் ஏதோ கொஞ்சம் இரக்கம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. "சராசரிப் பொண்ணுங்க இவ! ஆபீஸே சொல்லியாச்சு. வேணும்னே படிக்க மாட்டேங்கிறா. திமிரு!" என்று என்னிடமே சொன்னார். தும்பியை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்தால் அவள் பேசுவதில்லை. காலையில் பள்ளிக்கூடம் என்றதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து தலையில் குட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும். என் மனைவி தரையில் உட்கார்ந்து கையை உள்ளே நீட்டிக்கொண்டே இருப்பாள். இந்த வருஷக் கடைசிப் பரீட்சையில் தேறவில்லை என்றால் பள்ளியைவிட்டே நீக்கிவிடுவோம் என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

மறுபடி ஆபீஸுக்குப் போனேன். என் பொண்ணுக்கு இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். கதவுப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது எழுந்து இவளுக்கு இடம் விடலாமே என்றும் சொன்னேன். அவர்களுடைய பெற்றோர் என் காலில் விழாத குறையாகச் சம்மதித்திருந்தார்கள்.

"எந்திரிச்சு இடம் கொடுக்க இதென்ன பஸ்ஸா?" என்றார் அலுவலர்.

"பஸ்ல கொடுக்கறாங்க, சார். முடியாதவங்க ஏறினா எந்திரிச்சுடறாங்க."

"அதனாலதான் பஸ் பஸ்ஸா இருக்கு, ஆபீஸ் ஆபீஸா இருக்கு" என்றார். பக்கத்து மேஜைக்காரர் அதை ரசித்துத் தலையாட்டினார்.

மூன்றாவது தடவை போய், "எம் பொண்ணுக்கு எப்ப சார் இடம்?" என்று நான் வாயைத் திறந்ததும் அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவு.

"டிரைவர், ஒரே கேள்விய ஒரே கவுன்டர்ல மூணாவது தடவையா கேக்கறீங்க. ரெண்டு தடவையும் நான் தெளிவா பதில் சொல்லியிருக்கேன். உங்களுக்கு அது ஏறல. வாங்க, இப்படி உக்காருங்க. பயப்படாதீங்க."

அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. பெரியவர்கள் மேம்பாட்டுப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். அதில் இடம் காலியாகக் கிடக்கிறது. தேடி வந்து மாட்டுகிறவர்கள் குறைவு.

"ஒரு பஸ்ல முப்பது பேர் இருக்காங்க. ஒரு ஸ்டாப்ல ஏழு பேர் இறங்கறாங்க, ஒன்பது பேர் ஏறுறாங்க. இப்ப பஸ்ல எத்தனை பேர்?"

"காலையிலயா, சாயந்திரமா, சார்?"

"அது முக்கியமில்ல."

"அதெப்படி சார் முக்கியமில்லாம போகும்? படியில தொங்கறவங்களையும் சேக்கணுமா? அப்புறம், நான் ரோட்டத்தான் பாப்பேன். ஆள் எண்றது கண்டக்டர் வேலை."

'எண்ணத் தெரியவில்லை. பழியைப் பிறர்மேல் போடுகிறார்' என்று எழுதினார்.

"ஒரு ஆள் கிணத்துல விழுந்துட்டா என்ன செய்வீங்க?"

"தூக்குவேன்."

"முதல்ல யாருக்குத் தகவல் சொல்லணும்?"

"முதல்ல தூக்குவேன், சார்."

"ம்." ரொம்ப நேரம் எழுதினார். பிறகு என் தோளைத் தட்டி, "இலேசானதுதான். மனசத் தளர விடாதீங்க" என்றார்.

டிப்போவுக்குச் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. மேலாளர் சாவியைக் கேட்டு வாங்கினார். "இத்தனை வருஷம் ஒரு இடிகூட இல்லாம ஓட்டினீங்களே, எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார். பஸ் கழுவும் பிரிவில் போட்டார்கள். அதிகாலை வேலை, மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடும். என் பஸ்ஸையே நான் கழுவினேன். யாரும் பார்க்காதபோது ஏறி என் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பேன். புதிதாக வந்த பையன் டிரைவர் கீழேயிருந்து, "அண்ணே, எதையும் அமுக்கிடாதீங்க!" என்று கத்துவான்.

என் மனைவி முதல் நாள் முழுக்க நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஆரம்பித்தாள்.

"ஊரு உலகத்துல இப்படி ஒரு மனுஷன் உண்டா? பொண்ணுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன். தனக்கு வாங்கிட்டு வந்து நிக்கிறாரு!"

"நானா கேட்டேன்? அவனுங்களா கொடுத்தானுங்க."

"கொடுத்தா வாங்கிக்கிடுவீங்களா? கூறு வேண்டாம்?" என்று கத்தியவள், கத்திக்கொண்டே அவர்கள் கொடுத்த தாளைப் பிடுங்கிப் படித்தாள். வாயில் நூல் இருந்தது. பாதியில் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏங்க, இந்தப் பெரியவங்க ரூம்ல யாரு பாடம் எடுக்கறா?"

"அதே மெல்ல டீச்சர்தானாம். காலையில ஸ்கூல்ல, மத்தியானம் ஆபீஸ்ல."

"துணைக்கு ஒரு ஆளு தினமும் கூட வரணும்னு போட்டிருக்கு. சொந்தக்காரங்களா இருக்கணுமாம். சராசரி அறிவு உள்ளவங்களா இருக்கணுமாம். சான்றிதழ் காட்டணுமாம்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். வீட்டில் சராசரி என்று முத்திரை குத்திய ஆள் அங்கே ஒருத்திதான் படுத்திருந்தாள்.

ஆபீஸில் ஒரு தடையும் சொல்லவில்லை. எங்கள் சொல்லை நம்பாதவர்கள் தங்கள் முத்திரையை நம்பினார்கள். குறைபாடுள்ள தகப்பனைப் பார்த்துக்கொள்வது சராசரிக் குடிமக்களின் கடமை என்று சொல்லி, மத்தியானத்தில் தும்பியைப் பள்ளியிலிருந்து விடுவிக்கத் தலைமை ஆசிரியருக்கு உத்தரவும் போட்டார்கள். அடையாளச் சீட்டு இல்லாத விகித அலுவலக இயக்குநரையே உள்ளே விடாத ஒரு காவலாளி, கவுன்டரில் கட்டியிருந்த பேனா எழுதவில்லை என்று மூன்று தடவை சொன்ன ஓர் அம்மா, நான். நாங்கள் மூன்று பேர்தான் வகுப்பு. என் பக்கத்தில் குட்டி நாற்காலியில், என் கையைப் பிடித்துக்கொண்டு, என் துணை ஆள்.

மெல்ல டீச்சருக்கு முதல் நாளே எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை என் பக்கம் நீட்டுவார், பார்வை தும்பிமேல் இருக்கும். "அப்பாவுக்கு இது தெரியல. நீயும் நானும் சேந்து அவருக்குச் சொல்லித் தருவோமா?" என்பார். தும்பி நிமிர்ந்து உட்காருவாள். யாருக்கோ தெரியாததைத் தான் சொல்லித் தர வேண்டும் என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

ஆக, என் உத்தியோகம் தெரியாமல் இருப்பது. நீங்கள் நினைக்கிற மாதிரி அது சுலபமான வேலை இல்லை. அவளுக்குத் தெரிகிறவரை எனக்குத் தெரியக் கூடாது. அவளுக்குத் தெரிந்த பிறகும் கொஞ்சம் தடுமாற வேண்டும், அப்போதுதான் திரும்பத் திரும்பச் சொல்வாள். காவலாளி சில நாள் பொறுக்க மாட்டாமல் எனக்குக் குசுகுசுவென்று விடையைச் சொல்லிவிடுவார். பேனா அம்மா அவர் காலை மிதிப்பார்.

ஒருநாள் ஓர் எழுத்தை நான் வேண்டுமென்றே நாலைந்து தடவை தப்பாகச் சொன்னேன். அப்படியும் போதாதென்று, என் தலையில் நானே குட்டிக்கொள்கிற மாதிரி கையை ஓங்கினேன். தும்பி சட்டென்று எழுந்து தன் உள்ளங்கையை என் தலைமேல் விரித்து வைத்துக்கொண்டாள்.

"குட்டிக்காதப்பா. வலிக்கும். பரவாயில்ல, இன்னொரு தடவ பாக்கலாம்."

டீச்சரின் அதே குரல். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அதன்பிறகு அவள் தன் தலையிலும் குட்டிக்கொள்ளவில்லை. கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு பலகை படித்து முடிக்க ஒரு பஸ் வந்து போகிற நேரம் ஆகும். ஆகட்டுமே! என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் முட்டாளாக இருந்ததில்லை.

சந்தோஷம் அந்த ஆபீஸுக்கு ஆகாது. ஒருநாள் விகித அலுவலர் வகுப்புக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"டிரைவர், இது மேம்பாட்டுப் பிரிவு. குழந்தைங்க பிரிவுல யாரும் தேறக் கூடாது, இங்க தேறியே ஆகணும். வருஷக் கடைசிக்குள்ள ஒருத்தராவது மேம்பட்டுக் காட்டலன்னா பிரிவயே மூடிடுவாங்க. என் சீட்டும் போயிடும். இவங்க ரெண்டு பேரும் கேள்வி கேக்கறத நிறுத்த மாட்டேங்கறாங்க. உங்களத்தான் நம்பியிருக்கேன். ரெண்டும் ரெண்டும் எவ்வளவு?"

"அஞ்சு, சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பஸ்ஸத் திருப்பித் தரச் சொல்றேன். முதல் ஷிப்ட். உங்க பழைய ரூட்டு."

ஸ்டியரிங்கின் வழவழப்பு என் உள்ளங்கையில் வந்து போனது. தும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேறினால் எனக்குத் துணை ஆள் தேவையில்லை. துணை ஆள் இல்லையென்றால் இந்தக் குட்டி நாற்காலியும் இல்லை.

"அஞ்சரை" என்றேன்.

அலுவலர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். நான் தேறாவிட்டால் பிரிவை மூடுவார்கள், தேறினால் எங்களை வெளியே அனுப்புவார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் முட்டுச்சந்து. ரிவர்ஸ் எடுக்கவும் இடம் இல்லை. பேனா அம்மாதான், "நான் தேறிடறேன், தம்பி. இனிமே பேனா நல்லா எழுதுதுன்னு சொல்லிடறேன். நீ புள்ளயோட இரு" என்றார். அப்படியே முடிவு செய்தோம். ஆண்டு விழாவில் மேடையேறி அவர் தேறிவிடுவதாக ஏற்பாடு.

விழாவுக்கு இயக்குநரே வந்தார். மண்டபம் நிறைய ஆட்கள். முன் வரிசையில் கதவுப் பக்கத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் மஞ்சள் சட்டை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே! எத்தனை குழந்தைகளுக்கு உதவி தேவை என்பதை நாம் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டோம். அதற்குப் பிறகு எந்தக் குழந்தைக்குத் தேவை என்று தேடி அலைவது வீண் வேலை. சிலர் என்னிடம் வந்து, தப்பான பிள்ளைகளைச் சேர்த்துவிட்டீர்கள் என்கிறார்கள். நான் பணிவோடு கேட்கிறேன், எண்ணிக்கையில் தப்பு இருக்கிறதா? இல்லை! பெயர்களில் மட்டும்தான் தப்பு. பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். விகிதம் நிலைத்து நிற்கும்!"

கைதட்டல் அடங்கவே நேரமானது. மஞ்சள் சட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் தட்டாமல், நூற்றுக்கு இரண்டு என்பதைப் பள்ளிவாரியாகப் பிரிப்பது ஏன் தப்பு என்று பக்கத்துப் பையனுக்குப் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பேனா அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்னால், யாரும் எதிர்பாராமல், சிறந்த துணை ஆளுக்கான கேடயம் என்று அறிவித்தார்கள். தும்பி மேடையேறினாள். என் மனைவி என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். கேடயத்தைக் கொடுத்துவிட்டு இயக்குநர் ஒரு சீட்டை நீட்டினார்.

"சராசரிக் குழந்தைகளின் பெருமை நீ! இதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படி, பார்க்கலாம்."

ஒரே ஒரு வரிதான். தும்பி சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "ந... ம... து" என்றாள். நமது. மெல்ல டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தலையசைத்தார். "வி... கி..." என்றாள். நின்றுவிட்டாள். மறுபடியும் "வி... கி..." என்றாள். பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்தது. இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தும்பி என்னைப் பார்த்தாள். கேடயத்தைக் கீழே வைத்தாள். அவள் வலது கை மெதுவாகத் தலைக்கு மேலே எழுந்தது.

"விகிதாசாரம்!" என்று கத்திவிட்டேன்.

எப்படி எழுந்தேன் என்றே தெரியாது. என் பிள்ளை கை ஓங்குகிறது, எனக்குத் தெரிந்த சொல்லை நான் எப்படி விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? அந்த ஆபீஸ் சுவரில் நான் படித்துப் படித்துப் புளித்த சொல் அது.

"யார் அது?" என்றார் இயக்குநர்.

விகித அலுவலர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து உயர்த்தினார். அவர் கண்ணில் தண்ணீர். "நம்ம பிரிவு ஆள்தான், சார்! எழுத்தே தெரியாம இருந்தவர், சார்! மேம்பட்டுட்டார்!"

"சார், தெரியாம சொல்லிட்டேன்" என்றேன்.

"பாத்தீங்களா, சார்? தப்ப ஒத்துக்கற பக்குவம்கூட வந்துடுச்சு!"

"ரெண்டும் ரெண்டும் அஞ்சு, சார்! சத்தியமா அஞ்சு!"

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார் இயக்குநர். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அங்கேயே முத்திரை குத்தினார்கள். டிப்போ மேலாளரைக் கூப்பிட்டு என் பஸ் சாவியை என் கையில் கொடுக்க வைத்தார்கள். துணை ஆள் இனித் தேவையில்லை என்று அறிவித்தபோதுதான் கைதட்டல் ரொம்பப் பலமாக இருந்தது. பேனா அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மெல்ல டீச்சர் தலை நிமிரவில்லை.

அந்த ஆரவாரத்தில் மேடையில் ஒரு பிள்ளை நிற்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். தும்பியின் கை தலையைத் தொடாமல் இறங்கியிருந்தது. அவள் சீட்டை மறுபடி கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நான் சொன்ன சொல்லுக்கு மேல் விரல் வைத்து, அடுத்த சொல்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மைக்கில் அது கேட்டது, யாரும் கவனிக்கவில்லை. "நா... ட்... டு... க்... கு." கொஞ்ச நேரம் கழித்து, "நல்... ல... து."

முடித்துவிட்டுப் படியிறங்கி என்னிடம் ஓடிவந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"கடைசி வரைக்கும் படிச்சேம்ப்பா. நீ கேட்டியா?"

"கேட்டேன், கண்ணு."

"நீயும் கரெக்டா சொன்னியே! உனக்கும் வந்துடுச்சுப்பா!" என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். பிறகு வழக்கம்போல என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு டீச்சர் நமக்கு எந்த எழுத்து சொல்லித் தருவாங்கப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு எல்லா எழுத்தும் தெரியும் என்று அப்போதுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். எந்த எழுத்து என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.